குடாவில் எதை வளர்ப்பது? கூண்டு மீன், சிப்பி, இறால் குளம், கரைத்தொட்டி: ஓர் ஒப்பீடு

2022ஆம் ஆண்டில்தான் உலகில் முதன்முறையாக, பிடித்த நீர்வாழ் உயிர்களின் எடையை வளர்த்தவற்றின் எடை தாண்டியது. உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் வளர்ப்பு 9.44 கோடி டன். பிடிப்பு சுமார் 9.1 கோடி டன். வளர்ப்பில் பாதிக்கு மேல் நன்னீரில் விளைவது. ஆனாலும் கடலோரத்தில் இடம் கேட்கும்போதுதான் சச்சரவு கூடுகிறது. வலை போடுபவர், கூண்டு மிதக்கவிட நினைப்பவர், அலையாத்திக் காட்டைக் காக்க நினைப்பவர் எல்லாரும் அதே குடாவைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அனுமதி தரும் அலுவலகத்துக்கும் முதல் போடும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் முன்னால் வழக்கமாக ஐந்தாறு வழிகள் இருக்கும். வலைக் கூண்டில் மீன், கயிற்றிலோ சட்டத்திலோ சிப்பி, கரையோரக் குளத்தில் இறால், கரையில் மூடிய தொட்டி, மீனோடு சிப்பியையும் கடற்பாசியையும் சேர்த்து வளர்க்கும் கூட்டு முறை, கரையை விட்டு விலகிய ஆழ்கடல் கூண்டு. இவற்றை ஒப்பிடும்போது அதிகம் பேசப்படுவது கூண்டுக்கு அடியில் சேரும் கழிவு. அதைப் படம் எடுக்கலாம், அளக்கலாம். அதனால் முன்னுக்கு வந்துவிடுகிறது. ஆனால் சேறு காலப்போக்கில் ஆறும். தப்பிய மீனின் மரபணுவும், விதையோடு, அதாவது வளர்க்கக் கொண்டு வரும் இளஞ்சிப்பியோடு, வந்த ஒட்டுண்ணியும், வேரூன்றிவிட்ட அயல் சிப்பியும் திரும்பிப் போவதில்லை. ஆகவே ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: கடலில் எவ்வளவு சத்தைக் கொட்டுகிறது? கெட்டுப்போனால் மீட்க முடியுமா? முடிவெடுக்கும்போது இரண்டாவதற்கே முதலிடம் தர வேண்டும்.

சத்துக் கணக்கு

ஒரு டன் சால்மன் வளர்க்க ஏறக்குறைய 1.2 டன் உலர் தீவனம் போகிறது. அதில் 38 சதவீதம் புரதம் என்று வைத்தால் 456 கிலோ புரதம். புரதத்தை 6.25ஆல் வகுத்தால் நைட்ரஜன் கிடைக்கும்: 73 கிலோ. அறுவடையாகும் ஒரு டன் மீனின் உடம்பில் இருப்பது 28 கிலோ அளவுக்குத்தான். மீதி 45 கிலோ கடலுக்குப் போகிறது. அதில் முக்கால் பங்கு செவுள் வழியும் சிறுநீர் வழியும் அம்மோனியாவாகக் கரைந்து வெளியேறும். எஞ்சியது மலமாகவும் தின்னாத தீவனமாகவும் கீழே விழும். பாஸ்பரசும் இதே போலத்தான்: தீவனத்தில் 13 கிலோ, மீனில் 4 கிலோ, கடலில் 9 கிலோ. ஆண்டுக்கு 1,000 டன் எடுக்கும் பண்ணை 45 டன் நைட்ரஜனை விடுகிறது. ஒரு மனிதர் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜனைக் கழிக்கிறார் என்பதால், இது பத்தாயிரம் பேர் வாழும் ஊரின் சுத்திகரிக்காத கழிவுநீருக்குச் சமம். மனிதக் கழிவில் வரும் நோய்க்கிருமிகள் மீன் கழிவில் இல்லை. ஆனால் பாசிப் பெருக்கத்துக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

உலர் தீவனத்துக்குப் பதில் கழிவு மீனை வெட்டிப் போட்டால் கணக்கே மாறிவிடும். ஒரு டன் களவா வளர்க்க ஆறு டன் கழிவு மீன் என்று வைத்தால் உள்ளே போகும் நைட்ரஜன் 160 கிலோவைத் தாண்டும். கடலுக்குப் போவது 130 கிலோவுக்கு மேல். கடலில் பிடித்துக் கூண்டில் கொழுக்க வைக்கும் நீலத்துடுப்புச் சூரைக்கு ஒரு கிலோ எடை கூடப் 10 முதல் 20 கிலோ சிறுமீன் வேண்டும். எந்த மீன் என்பதைவிட என்ன தீவனம் என்பதே கழிவை அதிகம் தீர்மானிக்கிறது. பச்சை மீன் தீவனத்தோடு நோயும் வரலாம். 1995இலும் 1998இலும் ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரை நெடுக மத்தி மீன்கள் ஒரு ஹெர்பிஸ் வைரசால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. சூரைக் கூண்டுகளுக்காக இறக்குமதியான உறைமத்தியோடு அது வந்திருக்கலாம் என்ற ஐயம் இன்றும் உண்டு, நிரூபணம் இல்லை. உரிமத்தில் ‘உலர் தீவனம் மட்டும்’ என்ற ஒரே ஒரு வரி இருந்தால், மற்ற பல நிபந்தனைகள் சேர்ந்து தரும் பலனைவிட அதிகம் கிடைக்கும்.

சிப்பியில் கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. கயிற்றில் கொத்துக் கொத்தாய் ஒட்டி வளரும் மஸல், கரடுமுரடான ஓடு கொண்ட ஆளி, மணலில் புதைந்து வாழும் மட்டி மூன்றும் நீரை வடிகட்டி அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்கின்றன. தீவனம் போடுவதில்லை. ஒரு டன் மஸலை அறுவடை செய்தால் 8 முதல் 14 கிலோ வரை நைட்ரஜன் கடலை விட்டுப் போகிறது. டென்மார்க்கின் ஸ்கீவ குடாவில் 19 ஹெக்டேர் அளவில், கடலைச் சுத்தம் செய்வதற்காகவே ஒரு மஸல் பண்ணையை நிறுவிப் பார்த்தார்கள். ஓராண்டில் கிடைத்தது 1,100 டன் மஸல். அதோடு வெளியேறிய நைட்ரஜன் 16 டன்.

வலைக் கூண்டு: சேறு ஆறும், மற்றவை ஆறா

மீன் மலம் நொடிக்கு ஏறக்குறைய 3 செ.மீ. வேகத்தில் மூழ்கும். வலையின் அடியிலிருந்து தரை 20 மீட்டர் என்றால் விழ 11 நிமிடம் ஆகும். நீரோட்டம் நொடிக்கு 5 செ.மீ. மட்டும் இருந்தால் அது 33 மீட்டர்தான் நகரும். அநேகமாகக் கூண்டின் நிழலிலேயே விழும். நீரோட்டம் 25 செ.மீ. இருந்தால் 165 மீட்டர் போய்ப் பரவும். தின்னாத தீவனக் குச்சி மூன்று மடங்கு வேகமாக மூழ்குவதால் எந்த நீரோட்டத்திலும் அருகிலேயே குவியும். கூண்டடியில் தீவனக் குச்சியே கிடந்தால் இடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தீவனம் போடும் கை தவறுகிறது. நீருக்கடியில் காமிரா வைத்து, மீன் தின்பதை நிறுத்தும் கணத்தில் தீவனத்தையும் நிறுத்துவதே மலிவான பரிகாரம்.

தரையில் நடப்பது ஒரு தொடர் வினை. மேல்வண்டலில் உள்ள ஆக்சிஜனைப் பாக்டீரியா தின்று தீர்க்கிறது. பிறகு கடல்நீரின் சல்பேட்டைப் பிடித்துச் சல்பைடு ஆக்குகிறது. வளை தோண்டும் இறாலும் கடல் முள்ளெலிகளும் மட்டிகளும் மறைந்து, கேப்பிடெல்லா என்னும் சிறு புழு ஒன்றே ஆயிரக்கணக்கில் பெருகும். இன்னும் மோசமானால் பெஜியாட்டோவா பாக்டீரியா வெள்ளைப் பஞ்சு விரித்தாற்போல் படரும். மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு குமிழிகள் எழும். பொறுப்பாக நடக்கும் பண்ணைகளுக்குத் தரும் ஏ.எஸ்.சி. என்னும் பன்னாட்டுச் சான்றிதழில் சால்மன் பண்ணைகளுக்கு வைத்திருக்கும் எல்லை பின்பற்றத் தக்கது: கூண்டிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் வண்டலின் சல்பைடு லிட்டருக்கு 1,500 மைக்ரோமோலைத் தாண்டக்கூடாது, அல்லது வண்டலில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதா என்பதைக் காட்டும் ரெடாக்ஸ் மின்னழுத்தம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. நார்வேயில் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் இடத்தைக் குறைந்தது இரண்டு மாதம் காலியாக விட வேண்டும். அந்த அவகாசம் நோய்ச் சங்கிலியை அறுக்க உதவும். தரை ஆறப் போதாது. வேதிநிலை திரும்பச் சில மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையும், விலங்குக் கூட்டம் திரும்ப அதைவிட அதிகமும் ஆகலாம்.

சேறு ஆறும் என்பது மென்மண் தரைக்குத்தான் பொருந்தும். மத்தியதரைக் கடலின் பொசிடோனியா கடற்புல்லின் கிடைத்தண்டு ஆண்டுக்குச் சில செ.மீ. மட்டுமே நகரும். ஸ்பெயினின் மெனோர்கா தீவில் கூண்டுகளை எடுத்த பிறகும் புல்வெளி தொடர்ந்து அழிந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் பண்ணைகளை ஆராய்ந்தவர்கள் பரிந்துரைத்த இடைவெளி 400 மீட்டர். பவளம், சுண்ணப்பாசித் திட்டு, கடற்புல் இருக்கும் இடத்தில் கூண்டு வேண்டாம் என்பதில் சமரசத்துக்கு இடமில்லை.

இனி, ஆறாதவை. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சைப்ரஸ் தீவருகே ஒரு கூண்டுத் தொகுதி சரிந்தது. அதில் இருந்த சுமார் 3 லட்சம் அட்லாண்டிக் சால்மனில் 2.43 முதல் 2.63 லட்சம் வரை தப்பியதாக மாநில விசாரணை கணித்தது. விசாரணை சொன்ன காரணம் வலைகளைத் துப்புரவு செய்யாதது: சுமார் 110 டன் சிப்பியும் பாசியும் வலையில் ஏறியிருந்தன. அடைபட்ட வலை நீரோட்டத்தை எதிர்க்கும். நங்கூரக் கயிறுகள் தாங்க வேண்டிய விசை பல மடங்காகும். கண்ணித்துளை பாதி அடைவதற்குள் வலையை மாற்றவோ கழுவவோ வேண்டும் என்பதைப் பராமரிப்புப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். வலைக்குச் செப்புப் பூச்சு அடித்தால் இந்த வேலை குறையும். ஆனால் செம்பு வண்டலில் சேரும், சிப்பிக் குஞ்சுகளுக்கு நஞ்சாகும். சிப்பி வளரும் குடாவில் அதைத் தவிர்ப்பது நல்லது.

தப்பியது அயல் இனமானால் அது நிலைத்துவிடும் அபாயம் உண்டு. உள்ளூர் இனமானாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. வேகமாக வளரத் தேர்ந்தெடுத்த மீன் காட்டு மீனோடு கூடினால், பிறக்கும் குஞ்சுகள் ஆற்றிலும் கடலிலும் பிழைக்கும் திறன் குறைந்தவை. நார்வேயில் ஆய்வு செய்த காட்டுச் சால்மன் கூட்டங்களில் பாதிக்கும் மேல் வளர்ப்பு மீனின் மரபுக் கலப்புத் தெரிகிறது. கூண்டிலேயே முட்டையிடும் இனங்களில் கிழியாத வலை வழியாகவும் முட்டைகள் மிதந்து போகும். மூன்று குரோமோசோம் தொகுதி கொண்ட மலட்டுக் குஞ்சு (மும்மடி), உள்ளூர் தாய்மீன், முதிர்ச்சிக்கு முன் அறுவடை என்று மூன்று தடுப்புகள் உள்ளன. எதுவும் முழுமையானதல்ல, குறைந்தது இரண்டையாவது சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒட்டுண்ணி விஷயத்தில் நார்வேயின் அனுபவமே பெரிய பாடம். ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் கடல் பேன் (மீனின் தோலைத் தின்னும் ஒட்டுண்ணி) என்பது அங்கே பொது வரம்பு. காட்டுக் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வசந்த வாரங்களில் 0.2. ஒவ்வொரு பண்ணையும் வரம்புக்குள் இருந்தபோதும் காட்டுக் குஞ்சுகள் செத்தன. கோடிக்கணக்கான வளர்ப்பு மீன்களை அந்த 0.5ஆல் பெருக்கினால் காரணம் புரியும். பேன் குஞ்சுகள் பல கிலோமீட்டர் மிதந்து செல்லும். அதனால் 2017 முதல் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து, பேனால் சாகும் காட்டுக் குஞ்சு 10 சதவீதத்துக்குள் இருந்தால் பச்சை, 30 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என்று வகுத்தார்கள். சிவப்பு மண்டலத்தில் உற்பத்தியை 6 சதவீதம் குறைக்கச் சொல்லலாம். ஒவ்வொரு பண்ணையையும் தனித்தனியாகப் பார்த்து உரிமம் தருவது ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வெப்பக் கடலில் பேனின் இடத்தைத் தோலிலும் செவுளிலும் ஒட்டும் தட்டைப்புழுக்கள் பிடித்துக்கொள்கின்றன. அங்கே சில நிமிட நன்னீர்க் குளியலே முதல் மருந்து. தீவனத்தில் கலக்கும் எமாமெக்டின் போன்ற பேன் மருந்துகள் பேன், நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளின் நரம்பைத் தாக்குபவை. வண்டலில் மாதக்கணக்கில் தங்கும். நண்டு, இறால் பிடிப்பை நம்பி வாழும் குடாவுக்கு அவை ஒவ்வா.

மருந்துச் சுமை விதியல்ல. 1987இல் சுமார் 48 டன் நுண்ணுயிர்க்கொல்லி பயன்படுத்திய நார்வே, தடுப்பூசி வந்த பிறகு, இன்று பல மடங்கு மீன் வளர்த்தும் ஒரு டன்னுக்குக் குறைவாகப் பயன்படுத்துகிறது. அதே சால்மனை வளர்க்கும் சிலியில், செயல்திறனுள்ள தடுப்பூசி இல்லாத ஒரு பாக்டீரியா நோயால், ஆண்டுக்கு 300 டன்னுக்கு மேல் போகிறது. எந்த இனத்தைத் தேர்ந்தாலும், அதன் முக்கிய நோய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிப்பி: வரம்புக்குள் மட்டும் நன்மை

தீவனம் வேண்டாம், மருந்து வேண்டாம், மிகுதியான நைட்ரஜனையும் எடுத்துப் போகும் என்பதால் சிப்பிக்குக் கேள்வியே இல்லாமல் அனுமதி தரும் பழக்கம் இருக்கிறது. அது தவறு. சிப்பிக்கும் எல்லை உண்டு, அதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம்.

2 கி.மீ. நீளம், 1 கி.மீ. அகலம், சராசரி 10 மீட்டர் ஆழம் உள்ள குடாவில் 2 கோடி கன மீட்டர் நீர் இருக்கும். ஓத ஏற்ற இறக்கம் 1 மீட்டர், நாளுக்கு இரண்டு ஓதம் என்றால் நாளொன்றுக்கு 40 லட்சம் கன மீட்டர் உள்ளே வரும்; முழு நீரும் மாற 5 நாள். வெளியேறிய நீரில் பாதி அடுத்த ஓதத்தில் திரும்பி வந்தால் 10 நாள். வளர்ந்த மஸல் மணிக்கு 3 லிட்டர், நாளுக்கு 72 லிட்டர் வடிகட்டும் என்று கொள்வோம். குடா நீர் முழுவதையும் 10 நாளில் வடிகட்ட 2.8 கோடி மஸல் போதும். ஒன்றுக்கு 20 கிராம் என்றால் சுமார் 560 டன். அந்த அளவை எட்டினால் கடல் புது நீரைக் கொண்டு வரும் வேகத்தில் சிப்பி அதை வழித்துவிடும். மீன் குஞ்சுகளுக்கும் காட்டுச் சிப்பிக்கும் உணவு இராது. பண்ணைச் சிப்பியே சதை பற்றாமல் ஓடாக நிற்கும். வடிகட்டும் காலம் நீர் மாறும் காலத்தைவிடக் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று வைத்தால், இந்தக் குடாவுக்கு 190 டன்னுக்குள் நிறுத்த வேண்டும். இது அறுவடை எடையல்ல. எந்த நேரத்திலும் தண்ணீரில் தொங்கும் எல்லாச் சிப்பியின் எடை. குஞ்சுச் சிப்பி தன் எடைக்கு அதிகம் வடிகட்டும் என்பதால் விதைக் கயிறுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். குடாவில் இயற்கையாக இருக்கும் சிப்பிப் படுகைகளும் இதே உணவைத்தான் தின்கின்றன.

ஸ்பெயினின் கலீசியாவில் 3,000க்கு மேற்பட்ட மஸல் தெப்பங்கள் மிதப்பதற்குக் காரணம், ஆழத்திலிருந்து சத்து மேலேறி வரும் கடல் அது. அந்தத் தெப்ப நெருக்கத்தைத் தேங்கிய உப்பங்கழியில் நகலெடுத்தால் சிப்பியும் வளராது, அடித்தரையும் கெடும். சிப்பியும் கழிக்கிறது, தின்னத் தகாத துகளைச் சளியில் சுற்றித் துப்புகிறது. குடா முழுக்கப் பரவியிருந்த நுண்பாசி கயிறுகளுக்குக் கீழே ஒரே இடத்தில் குவிகிறது. கூண்டளவு மோசமாவது அரிது, ஆனால் ஆழம் குறைந்து நீரோட்டம் செத்த இடத்தில் அதே சல்பைடு, அதே வெள்ளைப் படலம் தோன்றும்.

சிப்பியின் உண்மையான ஆபத்து விதையில் இருக்கிறது. 1964இல் நெதர்லாந்தின் ஓஸ்டர்ஸ்கெல்டில் பசிபிக் ஆளியைக் கொண்டு வந்தபோது, அங்கத்திய குளிர்நீரில் அது இனப்பெருக்கம் செய்யாது என்று நம்பினார்கள். 1970களின் நடுவில் குஞ்சுகள் கொட்டத் தொடங்கின. இன்று அந்நாட்டின் வடகரையை ஒட்டிய ஆழமற்ற வாடன் கடலில் பழைய மஸல் படுகைகள் பல ஆளித் திட்டுகளாகிவிட்டன. 1979இல் பிரான்சின் பிரிட்டனிக்கு வந்துசேர்ந்த போனாமியா ஒட்டுண்ணி ஐரோப்பாவின் சொந்தத் தட்டை ஆளியை ஏறக்குறைய ஒழித்தது. உலகின் ஆளித் திட்டுகளில் 85 சதவீதம் ஏற்கெனவே அழிந்துவிட்ட நிலையில், இன்னொரு குடாவிலிருந்து விதை வாங்குவது சின்ன விஷயமல்ல. உள்ளூர் இனம், உள்ளூர்ச் சேகரிப்புக் கயிற்றில் ஒட்டிய விதை, அல்லது கிருமிச் சோதனை முடித்த பொரிப்பகக் குஞ்சு என்ற மூன்றைத் தவிர வேறெதையும் ஏற்க வேண்டியதில்லை.

விதையையும் அறுவடையையும் எடுக்கும் விதமும் தனியே பார்க்க வேண்டியது. வாடன் கடலின் டச்சுப் பகுதியில் 1990வாக்கில் விதைக்காகவும் விற்பனைக்காகவும் காட்டுப் படுகைகளை வாரி எடுத்ததில் அவை ஏறக்குறைய மறைந்தன. அவற்றைத் தின்று வாழ்ந்த ஈடர் வாத்துகள் பட்டினி கிடந்தன. பிறகு மிதக்கும் சேகரிப்புக் கயிறுகளுக்கு அங்கே மாறத் தொடங்கினார்கள். வெனிஸ் காயலில் 1983இல் விட்ட மணிலா மட்டியை இயந்திர வாரியால் எடுப்பதால் வண்டல் கலங்கிக் கடற்புல் பின்வாங்கியது. கயிற்றில் தொங்கும் சிப்பிக்கும் தரையை உழுது எடுக்கும் சிப்பிக்கும் ஒரே உரிமம் தரக்கூடாது. மிதவைக்குத் தெர்மாகோல் கூடாது. வெயிலிலும் நண்டு கொறிப்பதிலும் உதிர்ந்து கரை முழுக்கப் பரவும். மூடிய கடின பிளாஸ்டிக் மிதவை கேட்க வேண்டும்.

இறால் குளம்

இங்கே தீர்ப்புச் சுருக்கமானது. அலையாத்தியை வெட்டிக் குளம் வெட்டுவது எந்தக் கணக்கிலும் நிற்காது. இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதி அலையாத்திகள் ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன் கரிமத்தைப் பெரும்பாலும் மண்ணில் வைத்திருக்கின்றன. அந்த மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டு என்னும் கனிமம் இருக்கும். வெட்டிக் காய்ந்து காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாகும். நீரின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடியதைக் காட்டும் அளவு) 4க்குக் கீழே இறங்கும், அலுமினியம் கரைந்து இறாலின் செவுளில் படியும். சுண்ணாம்பு கொட்டிச் சில ஆண்டு ஓட்டிவிட்டுக் கைவிடும் குளங்கள் இப்படித்தான் உருவாகின்றன. இறாலை நெருக்கி வளர்க்கும் தீவிர முறைக் குளம் ஒரு ஹெக்டேர் விடும் சத்தை உறிஞ்ச 22 ஹெக்டேர் அலையாத்தி வேண்டும் என்று 1995இல் ஒரு கணக்கு வெளியானது. மிதமுறைக்கு 2 முதல் 3 ஹெக்டேர். வடிகட்டியையே வெட்டி எறிந்து குளம் போடுவதன் அபத்தம் அந்த எண்களில் தெரியும்.

ஓத எல்லைக்கு மேலே, அமில மண் இல்லாத நிலத்தில் குளம் போடலாம். அப்போது கவனிக்க வேண்டியது நீர்வழி. ஒரு குளத்தின் வடிகால் அடுத்த குளத்தின் வாய்க்காலானால் இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸ் கடற்கரை முழுக்க ஓடும். 1990களில் ஆசியாவில் அதுதான் நடந்தது. உள்ளே எடுக்கும் நீருக்குத் தேக்கக் குளமும், வெளியே விடும் நீருக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது படிவுக் குளமும் வேண்டும். நோய் கண்ட குளத்தைக் குளோரின் போட்டுக் கொன்று சில நாள் நிறுத்திய பிறகே திறக்க வேண்டும். அறுவடையின் கடைசிக் கலங்கல் நீரில்தான் சத்து அதிகம். அதை நேரே கழியில் விடுபவர் அதுவரை செய்த நல்லதை ஒரே நாளில் கெடுக்கிறார்.

கரைத்தொட்டியும் ஆழ்கடலும்

மறுசுழற்சித் தொட்டியில் மீன் தப்பாது, பேன் வராது, காட்டு மீனுக்கு நோய் போகாது. மீட்க முடியாத கேடுகள் என்ற தராசில் இதுவே முதலிடம் பெறும். விலை மின்சாரம்: ஒரு கிலோ மீனுக்கு 4 முதல் 8 யூனிட். அது நிலக்கரி மின்சாரமானால் சுமை வேறிடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. வடிகட்டியில் அம்மோனியா நைட்ரேட் ஆகும், மறையாது. நைட்ரேட்டை வாயுவாக்கும் தனித்தொட்டி இல்லையென்றால், கூண்டு பரப்பிவிட்ட நைட்ரஜன் இங்கே ஒரே குழாயில் கடலுக்குப் போகும். உப்பேறிய கசடு வயலுக்கு உரமாகாது; அதற்கு இடம் எங்கே என்று விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். கடல்நீரில் சல்பேட் லிட்டருக்கு 2.7 கிராம் இருப்பதால், குழாய் மூலையில் தேங்கிய கசடு கிளறப்பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வந்து சில மணி நேரத்தில் தொட்டி முழுதும் சாகும். நீர் தேங்கும் முட்டுக்குழாய் ஒன்றுகூட இல்லாமல் அமைப்பதுதான் இதற்குத் தடுப்பு.

ஆழ்கடல் கூண்டு கழிவை மெல்லியதாக்கும், தப்புதலைத் தீர்க்காது. 2017இல் நார்வே கடலில் நிறுவிய ஓஷன் ஃபார்ம் 1 என்னும் 110 மீட்டர் விட்டக் கூண்டின் கொள்ளளவு 2.5 லட்சம் கன மீட்டர். அப்படி ஒன்று கிழிந்தால் வெளியேறுவது ஒரு தொகுதிப் பண்ணையின் மொத்த மீன்.

கூண்டு, ஆழ்கடல், தொட்டி மூன்றுக்கும் தீவனம் ஒன்றே. நார்வே சால்மன் தீவனத்தில் 1990இல் சுமார் 90 சதவீதமாக இருந்த மீன்தூளும் மீனெண்ணெயும் இன்று கால் பங்களவுக்கு இறங்கிவிட்டன. அந்த இடத்தைச் சோயாவும் கடுகு வகை எண்ணெயும் பிடித்தன. நெத்திலி மீதான அழுத்தம் குறைந்தது, நிலத்தின் மீதான அழுத்தம் கூடியது. வளர்ப்பிடத்தை மாற்றுவதால் இது மாறாது. சிப்பியைத் தேர்ந்தால் மட்டும்தான் இந்தக் கேள்வியே எழாது.

கூட்டு முறை: காகிதத்தில் இனிது

மீனின் கழிவைச் சிப்பி தின்னும், கரைந்த சத்தைப் பாசி உறிஞ்சும் என்பது அழகான எண்ணம். அளவைப் பாருங்கள். ஒரு டன் மீன் விடும் கரைந்த நைட்ரஜன் ஏறக்குறைய 33 கிலோ. ஈரப் பாசி ஒரு டன்னில் இருக்கும் நைட்ரஜன் 3 கிலோ. 1,000 டன் மீனுக்கு 11,000 டன் பாசி வேண்டும். ஹெக்டேருக்கு 50 டன் விளைந்தாலும் 220 ஹெக்டேர். மீன் மலத்துண்டு சிப்பி வடிகட்டும் அளவைவிடப் பெரியது, சிப்பிக்கு எட்டும் முன் மூழ்கிவிடும். கூண்டைச் சுற்றி நாலு கயிறு பாசி கட்டிவிட்டுக் ‘கழிவில்லாப் பண்ணை’ என்று எழுதுவதை ஏற்கக்கூடாது. குடா முழுவதற்குமான ஈடாகப் பார்த்தால் மட்டுமே பொருள் உண்டு: ஒரு டன் மீனின் மொத்த நைட்ரஜனுக்கு ஈடு 4 முதல் 5 டன் மஸல் அறுவடை. கூண்டடிக் கழிவுக்குக் கடல் அட்டை போன்ற தரை மேயும் உயிர் பொருத்தம். பாசியும் உள்ளூர் இனமாகவே இருக்க வேண்டும். வளர்ப்புக்குக் கொண்டு வந்த கப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளத்தின் மீது படர்ந்தது.

எந்த நீருக்கு எது

அளக்காமல் தேர்ந்தெடுக்க முடியாது. நீரோட்ட மானியை மூன்று ஆழங்களில் ஒரு முழு நிலாச் சுற்று வைத்து, அமாவாசை, பௌர்ணமி ஓதங்களையும் இடைப்பட்ட மந்த நாட்களையும் பதிய வேண்டும். சராசரி வேகத்தைவிட மந்த நாளின் வேகமே முக்கியம். தரையில் குறைந்தது ஐந்து இடங்களில் வண்டல் அள்ளி சல்பைடு, ரெடாக்ஸ், விலங்கு வகை மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். பண்ணை வந்த பிறகு எடுக்கும் முதல் மாதிரிக்கு ஒப்பிட எதுவும் இராது.

வயல் உரமும் ஊர்க் கழிவும் கலந்து பச்சையேறிய, ஆனால் ஓதம் ஓடும் குடாவுக்கு உள்ளூர்ச் சிப்பிதான் சரி. கூண்டு எரிகிற கொள்ளியில் எண்ணெய். கழிவுநீர்க் கிருமி அதிகமிருந்தால் அந்தச் சிப்பியை உணவுக்கு விற்காமல் தீவனத் தூளாக்கலாம். கடலுக்குக் கிடைக்கும் நன்மை மாறாது. நீர் தெளிந்து பவளமோ கடற்புல்லோ நிறைந்த இடத்தில் சிப்பிக்கு உணவில்லை, கூண்டுக்கு மன்னிப்பில்லை. அங்கே கடலுக்குள் எதுவும் வேண்டாம். வேண்டுமானால் நைட்ரேட்டை நீக்கும் கரைத்தொட்டி. மென்மண் தரை, வலைக்கடியில் வலையாழத்துக்குச் சமமான இடைவெளி, மந்த நாளிலும் நொடிக்கு 10 செ.மீ.க்குக் குறையாத ஓட்டம், அருகில் காட்டு உறவினத்தின் வலசைப் பாதையோ முட்டையிடும் இடமோ இல்லாமை ஆகிய நான்கும் கூடிய இடத்தில் கூண்டு தகும். ஒன்று குறைந்தாலும் எண்ணிக்கையைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காமல் வேறு இடம் தேடுவதே மேல். மூடிய, தேங்கிய கழிக்கு இந்தப் பட்டியலில் எதுவும் பொருந்தாது.

உரிமத்தில் முன்கூட்டியே எழுத வேண்டியவை சில: 30 மீட்டர் எல்லையில் சல்பைடு 1,500ஐத் தாண்டினால் அடுத்த சுற்றில் மீன் பாதி, அதற்கடுத்த அளவீட்டிலும் இறங்கவில்லையென்றால் இடம் காலி. வலையிலும் மிதவையிலும் உரிமையாளர் அடையாளம். குஞ்சு விட்ட எண்ணிக்கை, செத்தது, அறுவடை மூன்றும் கூட்டிக் கழித்துப் பொருந்த வேண்டும். பொருந்தாத மீன் தப்பியதாகவே கொள்ளப்படும். பண்ணை நொடித்துப் போனால் நங்கூரமும் கயிறும் கடலிலேயே கிடப்பதுதான் வழக்கம் என்பதால், அவற்றை அகற்றும் செலவை முதல் குஞ்சு விடும் முன்பே வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும்.